சிவப்பு வழியில் போவது குற்றமல்ல

அட்டைப்பெட்டி, அதைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நைலான் கயிறு, மேலே மார்க்கரில் பெரிதாக எழுதிய பெயரும் ஊரும். துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் திருச்சியில் இறங்கும் வேளைகளில் பெல்ட்டில் ஊர்ந்து வரும் பெட்டிகள் இவை. உள்ளே கோடாரித் தைலம், பால் பவுடர், பேரீச்சம்பழம், பிஸ்தா, கனத்த போர்வை, செண்ட் பாட்டில், தங்கைக்கு ஒரு செல்போன், மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச். முப்பது கிலோவைத் தாண்டக் கூடாதென்று மூன்று முறை எடை பார்த்து, டப்பாவை எடுத்துக் கைப்பையில் திணித்து, மறுபடி கயிறு போட்டிருப்பார்கள். இத்தனை கணக்குப் பார்த்துக் கட்டியவர், பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசலை நோக்கி நகரும்போது ஒரு கணக்கை மட்டும் போடுவதில்லை. பச்சை வழியா, சிவப்பு வழியா? முன்னால் போகிறவர் பச்சையில் போகிறார், நாமும் போவோம் என்று போய்விடுகிறார்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிவப்பு வழி திருடனுக்கு, பச்சை வழி யோக்கியனுக்கு. உண்மை கிட்டத்தட்ட நேர்மாறானது. பச்சை வழியில் நடப்பவர் ஒரு வார்த்தையும் பேசாமலே, வரிக்குரிய பொருள் எதுவும் தன்னிடம் இல்லையென்று அரசிடம் வாக்குமூலம் கொடுத்தவர் ஆகிறார். அது பொய்யென்று தெரிந்துவிட்டால், சட்டம் அவருக்கு வைத்திருக்கும் சில நல்ல பாதுகாப்புகளையும் சேர்த்தே இழக்கிறார். சிவப்பு வழியில் போய் ‘இன்னின்னது கொண்டுவந்திருக்கிறேன்’ என்று சொல்பவர் சட்டப்படி தடை இல்லாத பொருளுக்கு வரி கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 77-ஆம் பிரிவில், பயணி தன் சாமான்களைப் பற்றி அறிவிக்க வேண்டும் என்கிறது. 79-ஆம் பிரிவில், பயணியும் அவர் குடும்பமும் பயன்படுத்தும் பொருட்களோடு, உண்மையான பரிசுகளையும் நினைவுப் பொருட்களையும் குறிப்பிட்ட மதிப்புவரை வரியில்லாமல் விட வழிசெய்கிறது. ஆக, பரிசு என்ற சொல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அக்காவுக்குக் கொண்டுவரும் சேலையைச் சட்டம் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. பரிசுப் பெட்டியால் வரும் வில்லங்கங்களில் பெரும்பாலானவை பொருளால் வருவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாததால், கேட்க வேண்டியதைக் கேட்காததால், வாங்க வேண்டிய தாளை வாங்காததால் வருகின்றன என்பதே என் வாதம்.

முதலில் தொகைகள். இவை கல்வெட்டு அல்ல. வரியில்லா வரம்பு 2014 பட்ஜெட்டில் 35,000 ரூபாயிலிருந்து 45,000 ஆனது. 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பயணச் சாமான் விதிகளில் 50,000 ஆனது. எனவே போன தடவை மச்சான் சொன்ன கணக்கை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். டிக்கெட் எடுத்த கையோடு, மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அன்றைய வரம்பைப் பார்த்துக்கொள்வதே உத்தமம். வாரியத்தின் ‘அதிதி’ என்ற செயலியில் முன்கூட்டியே அறிவிக்கவும் முடியும். தொகை மாறினாலும் சில அடிப்படைகள் நிலையானவை. பயன்படுத்திய சொந்தத் துணிமணி, அன்றாடச் சாமான்கள் கணக்கில் வராது. பதினெட்டு வயது நிரம்பியவருக்கு ஒரு லேப்டாப்புக்கு வரி கிடையாது. சிகரெட் நூறு, மது இரண்டு லிட்டர் என்ற அளவைத் தாண்டினால் தாண்டியதற்குச் சலுகை இல்லை. தட்டைத் திரை டிவிக்கு 2013 ஆகஸ்ட் 26 முதல் சலுகையே இல்லை. வளைகுடாவிலிருந்து வருபவரின் அடையாளமாக இருந்த அந்த அகலப் பெட்டியின் மவுசை ஒரே ஓர் அறிவிக்கை குறைத்தது. மின் சிகரெட்டுக்கு 2019 முதல் நாட்டில் தடை. ட்ரோனை 2022 முதல் தயார் நிலையில் இறக்குமதி செய்ய முடியாது, அண்ணன் பையனுக்கு ஆசையாக வாங்கியதென்றாலும். பலரை ஏமாற்றும் இன்னொன்று, வரம்பு ஆளுக்கு ஆள் தனி என்பது. கணவனுடையதையும் மனைவியுடையதையும் கூட்டி ஒரே விலையுயர்ந்த போனுக்குக் கழிக்க முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2016 விதிகளின்படி 80,000 ரூபாய் மதிப்புள்ள புதுப் பொருட்களோடு ஒருவர் வருகிறார். வரம்பு போக மிச்சம் 30,000. அந்த விதிகளின் காலத்தில் மிச்சத்துக்கு வசூலிக்கப்பட்ட வீதம் கூடுதல் கட்டணமும் சேர்த்து 38.5 சதவீதம். ஆக 11,550 ரூபாய். வலிக்கத்தான் செய்யும். இதையே சொல்லாமல் பச்சை வழியில் கொண்டுபோய்ப் பிடிபட்டால், பொருள் பறிமுதலுக்கு உரியதாகிவிடும். அதை மீட்கப் பொருளுக்குப் பதிலாக ஒரு தண்டத் தொகை, அதற்குமேல் வரி, அதற்குமேல் அபராதம். அதிகாரி மதிப்பிடும்போது நம் கையில் பில் இல்லையென்றால் அவர் இணையத்தில் பார்க்கும் விலைதான் விலை. துபாய் தள்ளுபடி விற்பனையில் பாதி விலைக்கு வாங்கினேன் என்ற நியாயம் காகிதம் இல்லாமல் எடுபடாது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொம்மை பரிசு. ஒரே மாடல் போன் எட்டு என்றால் அது வியாபாரச் சரக்கு. எட்டுத் தங்கைகள் இருந்தாலும் அந்தச் சந்தேகத்தை நீக்க வேண்டிய பொறுப்பு பயணியுடையதுதான்.

தங்கம் தனிக் கதை. நம் வீடுகளில் வெளிநாட்டுப் பரிசு என்றால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். 2016 விதிகளில், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புபவர் நகையாகக் கொண்டுவர ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்று எடையைச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே முறையே 50,000 ரூபாய், ஒரு லட்சம் ரூபாய் என்று மதிப்புக்கும் பூட்டுப் போட்டார்கள். தங்கம் ஏறியது, பூட்டு ஏறவில்லை. 2025-இல் பத்து கிராம் ஒரு லட்சத்தைத் தொட்டபோது 20 கிராம் சலுகை ஐந்து கிராமாகச் சுருங்கிவிட்டிருந்தது. அரைப் பவுனுக்குச் சற்று மேல்! டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டில் இந்த விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறு சொன்னது வீணாக அல்ல. காசு, பிஸ்கட் போன்றவை நகை அல்ல. அவற்றில் ஒரு கிராமுக்கும் வரியில்லாச் சலுகை இல்லை. ஆனால் வழியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர், அறிவித்து, குறைந்த வீதத்தில் வரியை வெளிநாட்டுப் பணமாகக் கட்டி, ஒரு கிலோ வரை தங்கம் கொண்டுவரச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. அந்த வீதமும் 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது. ஆறு சதவீதம் கட்டி நிம்மதியாகப் போக வேண்டிய தங்கத்தை இடுப்பில் ஒளித்து மொத்தமாகத் தொலைத்தவர்களும் உண்டு. இது போதாதென்று, கைப்பற்றப்பட்ட தங்கம் கடத்தல் தங்கம் அல்லவென்று நிரூபிக்கும் சுமையை 123-ஆம் பிரிவு பயணியின் தலையில் வைக்கிறது.

கழுத்தில் கிடப்பதும் கணக்கில் வருமா? இந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணின் தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையத்தில் கழற்றி வாங்கிய வழக்கில், 2025 தொடக்கத்தில் தனி நீதிபதி ஒருவர் கடுமையாகவே பேசினார். பயணச் சாமான் விதிகள் சாமானுக்கு, உடலில் அணிந்திருப்பதற்கு அல்ல என்று சொல்லி நகையைத் திருப்பித் தரச் சொன்னார். மனதுக்கு இதமான தீர்ப்பு. ஆனால் தனி நீதிபதி தீர்ப்புகள் மேல்முறையீட்டுக்கு உட்பட்டவை. அதை மட்டும் நம்பி முப்பது பவுனைப் போட்டுக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். இதைவிட எளிய, ஆனால் நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாத வழி ஒன்று இருக்கிறது. இங்கிருந்து போகும்போது நகையோடு போகிறவர், புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். நகையின் எடை, வடிவம் எல்லாம் அதில் பதிவாகும். கல்யாணம் முடிந்து சிங்கப்பூருக்குப் போகும் பெண் வளைகாப்புக்குத் திரும்பி வரும்போது, ‘இது எங்க அம்மா போட்டது’ என்று கண்ணீர் விட வேண்டியதில்லை. தாளை எடுத்து நீட்டினால் போதும். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அறிவித்தவருக்குச் சட்டம் தரும் பெரிய சலுகை 80-ஆம் பிரிவில் இருக்கிறது. லீவுக்கு வருகிறவர்களுக்கென்றே எழுதியது போன்ற பிரிவு. வரிக்குரிய பொருளோ தடைசெய்யப்பட்ட பொருளோ சாமானில் இருந்து, அதைப் பயணி உண்மையாக அறிவித்துவிட்டால், அவர் கேட்டுக்கொள்வதன்பேரில் அதிகாரி அதைச் சுங்கத்தின் பாதுகாப்பில் வைத்துக்கொண்டு, அவர் நாட்டைவிட்டுத் திரும்பும்போது ஒப்படைக்கலாம். ரசீது தருவார்கள். நாற்பது நாள் லீவு முடிந்து போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். போகும் நாளில் வாங்க முடியவில்லையென்றால் அதிகாரம் கொடுத்த வேறொரு பயணி மூலமாகவும் அனுப்பிக்கொள்ளலாம். ‘இவ்வளவு வரியா, எனக்கு வேண்டாம்’ என்று மரியாதையாகப் பின்வாங்க இதைவிட நல்ல வாசல் இல்லை. ஆனால் ‘உண்மையாக அறிவித்துவிட்டால்’ என்ற சொற்கள் இல்லாமல் அந்தப் பிரிவு இல்லை. பச்சை வழியில் நடந்து, எக்ஸ்ரேயில் சிக்கி, அப்புறம் ‘சார், திருப்பிக் கொண்டுபோறேன்’ என்பவருக்கு இந்த உரிமை கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமானதும்கூட. ‘சட்டம் அழகாகத்தான் இருக்கிறது. சிவப்பு வழிக்குப் போனால் பெட்டியைக் கொட்டிக் கவிழ்ப்பார்கள், மரியாதையில்லாமல் பேசுவார்கள், ஆயிரமோ இரண்டாயிரமோ எதிர்பார்ப்பார்கள். வாயைத் திறக்காமல் போனால் நூற்றில் தொண்ணூறு பேர் தப்பிவிடுகிறார்கள்.’ அப்படி நடப்பதே இல்லை என்று சொன்னால் வாசகர் சிரிப்பார். ஆனால் லஞ்சம் எங்கே உயிர் வாழ்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அறிவித்து, பில்லைக் காட்டி, வரி ரசீது கேட்டு நிற்பவரிடம் கைநீட்ட அதிகாரிக்குப் பிடிமானம் இல்லை. சொல்லாமல் வந்து மாட்டியவரிடம் அவர் கையில் ஒரு வழக்கே இருக்கிறது; பேரம் அங்கேதான் தொடங்குகிறது. அறிவித்த பிறகும் பணம் கேட்டால் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் செய்யலாம். சுங்க அதிகாரி மத்திய அரசு ஊழியர் என்பதால் சிபிஐ-யின் ஊழல் தடுப்புப் பிரிவுக்கும் போகலாம். தப்பித்த தொண்ணூறு பேர் கணக்கு, மாட்டிய பத்துப் பேருக்கு ஆறுதல் இல்லை. அவர்களில் பலர் இரண்டு வருடச் சேமிப்பை ஒரே இரவில் விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருக்கிறார்கள்.

ஒருவேளை பொருளை நிறுத்திவைத்தே விட்டார்கள் என்றால்? பதற்றத்தில் செய்யும் முதல் தவறு, நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுவது. வாக்குமூலம் எழுதிக் கொடுக்கச் சொன்னால், தெரிந்த மொழியில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டக் கேளுங்கள். எதை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எடையோடும் எண்ணிக்கையோடும் குறித்த ரசீது இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். உடலைச் சோதிக்க வேண்டுமென்றால், அரசிதழ் பதிவு பெற்ற சுங்க அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ தன்னை அழைத்துப் போகுமாறு கேட்கும் உரிமையை 102-ஆம் பிரிவு தருகிறது. பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். பறிமுதல் செய்யுமுன் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். கைப்பற்றிய ஆறு மாதத்துக்குள் அந்த நோட்டீஸ் வராவிட்டால், காலத்தை முறைப்படி நீட்டியிருந்தாலொழிய, பொருளைத் திருப்பித் தர வேண்டும். நீட்டிப்பும் இன்னோர் ஆறு மாதம்தான். ‘எனக்கு நோட்டீஸ் வேண்டாம், நேரில் விசாரணையும் வேண்டாம்’ என்று முன்பே அச்சடித்து வைத்த படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதையே பயணி உரிமையைத் துறந்ததாகக் காட்டிய வழக்குகளை 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உணர்ந்து துறக்காத உரிமை துறந்த உரிமை ஆகாது. ஆணை வந்த பிறகு 60 நாளுக்குள் மேல்முறையீட்டுக்கான சுங்க ஆணையரிடம் முறையிட வேண்டும். அதிலும் தோற்றால், வழக்கமாக மற்ற சுங்க வழக்குகள் போகும் தீர்ப்பாயத்துக்குப் பயணச் சாமான் வழக்கு போகாது. மூன்று மாதத்துக்குள் மத்திய அரசுக்கு மறுஆய்வு மனு போட வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விவகாரமானால் அதற்குக் கட்டணம் 200 ரூபாய். தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்து காலக்கெடுவைக் கோட்டைவிட வேண்டாம்.

இதுவரை சொன்னது நம் பொருளைப் பற்றி. பெட்டிக்குள் அடுத்தவர் பொருள் வந்துவிட்டால் பேச்சே வேறு. கமிஷனுக்குச் சரக்கு சுமந்து வருபவருக்கு நம் ஊரில் ‘குருவி’ என்று பெயர். பெயர் என்னவோ செல்லமாகத்தான் இருக்கிறது. டிக்கெட் இலவசம், கையில் சில ஆயிரம், சென்னையிலோ திருச்சியிலோ வாசலில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார் என்பார்கள். பிடிபட்டால் வாசலில் நின்றவர் மறைந்துவிடுவார், குருவிதான் கூண்டில். கடத்தல் குற்றத்துக்கு 135-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரையும், பொருள் மதிப்பு ஒரு கோடியைத் தாண்டினால் ஏழாண்டு வரையும் சிறை உண்டு. தெரிந்தே குருவியாகப் போகிறவருக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. என் கவலை, தெரியாமல் குருவியாகிறவர் பற்றியது. ரூம்மேட் ஒரு பொட்டலம் கொடுப்பார், ‘அம்மாவுக்கு மருந்து, ஊர்ல வந்து வாங்கிக்குவாங்க’. மறுக்க முகதாட்சண்யம் இடம் தராது. பிரித்துப் பார்த்தால் அவர் தப்பாக நினைப்பார் என்று வேறு தோன்றும். 2019-இல் மும்பைத் தம்பதி ஒன்று கத்தாருக்குப் போனது. பயணத்தையே பரிசாக ஏற்பாடு செய்த உறவினர் ஒரு பொட்டலத்தையும் கொடுத்துவிட்டிருந்தார். தோகா விமான நிலையத்தில் பிரித்தபோது உள்ளே நாலு கிலோ அளவில் ஹஷிஷ். இருவருக்கும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை. குழந்தை சிறையில் பிறந்தது. இந்தியப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு இங்கே விசாரித்து, அவர்கள் ஏமாற்றப்பட்டதைக் கண்டறிய, தம்பதி மேல்முறையீட்டில் விடுதலை பெற்று ஊர் திரும்ப 2021 ஆகிவிட்டது. கொடுத்தவர் சொந்தக்காரர் என்பதை நினைவில் வையுங்கள். நம் போதைப்பொருள் சட்டத்திலும், கையில் இருந்தால் தெரிந்தே வைத்திருந்ததாகத்தான் நீதிமன்றம் தொடங்கும். தெரியாது என்பதை நாம்தான் நிறுவ வேண்டும்.

ஆகவே அடுத்தவர் பொட்டலத்தை வாங்கினால் அவர் முன்பாகவே பிரித்து, உள்ளதைப் பார்த்து, நம் கையால் கட்ட வேண்டும். தைத்து ஒட்டிய பொட்டலம் என்றால் வேண்டாம். மனம் கோணும்தான். ஆனால் நேர்மையாகக் கொடுப்பவர் பிரித்துக் காட்டத் தயங்கமாட்டார், தயங்குகிறவரிடம் வாங்கக் கூடாது என்பதால் இந்தச் சோதனைக்கு வேறு அளவுகோல் தேவையில்லை. இதே எச்சரிக்கை ஊரிலிருந்து திரும்பும்போது இன்னும் கூடுதலாக வேண்டும். அம்மா குருமாவுக்கென்று பொட்டலம் கட்டித் தரும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால். முதுகுவலிக்கு இங்கே டாக்டர் எழுதித் தந்த டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவச் சீட்டோடு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் வேண்டும். அங்கே மாட்டிக்கொண்டால் முதல் வேலை இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்வது. வசதியில்லாதவர்களுக்கு வழக்கு உதவி செய்ய இந்திய சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. குடும்பத்தார் இங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிலும் முறையிடலாம்.

கையில் கொண்டுவராமல் அனுப்பினால் தொல்லை இல்லை என்பது மற்றொரு நினைப்பு. பயணியோடு வராத சாமானுக்கு அந்த 50,000 ரூபாய்ச் சலுகை 2016 விதிகளில் இல்லை; பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு மட்டும்தான் விலக்கு. தபாலிலும் கூரியரிலும் ‘பரிசு’ என்று எழுதி வரியில்லாமல் அனுப்பும் வழியை 2019 டிசம்பரில் அடைத்துவிட்டார்கள். ராக்கிக் கயிறுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு வைத்தார்கள். கார்கோக்காரர் ‘எல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்று சொன்னால், எந்தப் பெயரில், என்ன பொருளாக அறிவிக்கிறார் என்று கேட்டு நகல் வாங்குங்கள். வரி ஏய்ப்பு வெளிப்பட்டால் தாளில் இருப்பது உங்கள் பெயர். இதே ‘பரிசு’ என்ற சொல்லை வைத்துத்தான் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். முகநூலில் பழகிய வெளிநாட்டு நண்பர் பார்சல் அனுப்பியிருக்கிறார், டெல்லி கஸ்டம்ஸில் நிற்கிறது, அறுபதாயிரம் கட்டினால் விடுவோம் என்று போன் வரும். சுங்கத் துறை எந்த அதிகாரியின் சொந்தக் கணக்குக்கும் பணம் போடச் சொல்வதில்லை. 2019 நவம்பர் முதல் அதன் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், அதை வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண் கேளுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு.

பெட்டியே வராமல் போனாலும் சொல்பவருக்குத்தான் சட்டம் துணை. பெல்ட் நின்ற பிறகும் பெட்டி வரவில்லை, அல்லது பூட்டு உடைந்து வாட்ச் காணவில்லை என்றால், வெளியே நிற்கும் உறவினர்களைப் பார்க்க ஓடாமல் விமான நிறுவனத்தின் கவுன்டரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் பதிந்து எண் வாங்குங்கள். இந்தியா 2009-இல் இணைந்த மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு ஏழு நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத வேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொள்ளலாம். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்பு உரிமை (பன்னாட்டுக் கணக்கு அலகு). நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அதைவிட மதிப்புள்ள பொருள் உள்ளே இருந்தால், பெட்டியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் மட்டுமே அதிகத் தொகை கேட்க முடியும். நிறுவனம் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தங்கத்தையும் பணத்தையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாதென்பது தனியே சொல்லத் தேவையில்லாதது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் முணுமுணுப்பு. ‘வெயிலில் காய்ந்து சம்பாதித்தது. உலக வங்கிக் கணக்கில் 2024-இல் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பிய பணம் 129 பில்லியன் டாலர், உலகத்திலேயே அதிகம். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளும் அரசு, தங்கைக்கு வாங்கிய போனுக்கும் கை நீட்டுவதா?’ இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். விலைவாசி ஓடும்போது வரம்பை வருடக்கணக்கில் நிறுத்திவைத்தது, கிராமையும் ரூபாயையும் ஒன்றுக்கொன்று முரணாகக் கட்டிப்போட்டது, விதிகளைத் தமிழில் எளிதாகக் கிடைக்கச் செய்யாமல் இருப்பது எல்லாம் அரசின் குறைகள்தான். ஆனால் அவை மாறியதெல்லாம் வரம்பைச் சொல்லி, வழக்காடி, மனு போட்டவர்களால். ஒளித்துக்கொண்டு போனவர்களால் ஒரு விதியும் மாறவில்லை. அவர்கள் பிடிபட்ட ஒவ்வொரு தடவையும் அடுத்த விமானத்தில் வந்த தையல்காரரின் பெட்டியும், கொத்தனாரின் பெட்டியும் கூடுதலாக ஒருமுறை திறக்கப்பட்டன.

அடுத்த முறை கயிறு போடுவதற்கு முன், பில்களை மட்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கடவுச்சீட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள்.